கல்லிலிருந்து தொடங்கிய முகாம்: பெரம்பலூர் பக்கம் நடந்த ஐந்து நாள் உயிர் வரலாறு முகாம் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

பெரம்பலூர் மாவட்டத்தில் ஒரு கிராமம். ஊர் நூலகத்தை ஒட்டிய அறையில் ஞாயிறுதோறும் கூடும் ஒரு சின்ன வாசகர் வட்டம் எங்களுடையது. மே விடுமுறையில் பிள்ளைகளுக்கு ஏதாவது செய்யலாம் என்று பேச்சு வந்தபோது, பூமியில் உயிர்கள் வந்த கதையைக் கையால் தொட்டுச் செய்து பார்க்கிற மாதிரி ஒரு முகாம் நடத்தலாம் என்று முடிவானது. பொறுப்பேற்றது நான்கு பேர்: ஓய்வு பெற்ற நிலவியல் பேராசிரியர் ஒருவர் (ஊரில் எல்லோருக்கும் அவர் ஐயா), நடுநிலைப்பள்ளி அறிவியல் டீச்சர், கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி, அப்புறம் கணக்கும் சாப்பாடும் பார்க்க நான்.

இந்த ஊரில் இப்படி ஒரு முகாம் நடத்தத் தனிக் காரணம் உண்டு. ஏறத்தாழ பத்து கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தப் பக்கமெல்லாம் கடல். அந்தக் கடலடியில் படிந்த சேறும் சுண்ணாம்பும்தான் இன்றைக்கு அரியலூர் சிமென்ட் ஆலைகளுக்குக் கல்லாகப் போகிறது. 1862-இல் ஹென்றி பிளான்ஃபோர்டு என்ற நிலவியலாளர் இந்தப் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். தென்னிந்தியாவின் கிரெட்டேசியஸ் காலம் (டைனோசர்கள் வாழ்ந்த கடைசிக் கட்டம்) பற்றி எங்கே படித்தாலும் இந்தப் பெயர்கள் வந்து நிற்கும். ஊர்ப் பிள்ளைகளுக்கு இது தெரியாது. உண்மையைச் சொன்னால், எங்களில் மூன்று பேருக்கும் ஐயா சொல்லித்தான் தெரியும்.

முதல் திட்டம்

முதலில் போட்ட திட்டம் பாடப்புத்தகம் மாதிரி இருந்தது. முதல் நாள் பூமி உருவானது, இரண்டாம் நாள் ஒற்றைச் செல் உயிர்களும் கடலும், மூன்றாம் நாள் நிலத்துக்கு ஏறிய செடிகளும் விலங்குகளும், நான்காம் நாள் டைனோசர், ஐந்தாம் நாள் மனிதன். கடைசி நாள் மத்தியானம் பரிசு மாதிரி ஒரு சுற்றுலா. தினமும் புரொஜெக்டரில் படம், அதற்குப் பிறகு களிமண் வேலை. ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை முப்பது பிள்ளைகள். செலவு பதினெட்டாயிரம் ரூபாய்; அதில் பாதிக்கு மேல் வேனுக்கும் டிபனுக்கும்.

திட்டத்தை எழுதியது நான்தான். அப்போது அது ஒழுங்காகத்தான் பட்டது.

ஒத்திகையில் கண்டது

ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏழு பிள்ளைகளை மட்டும் வைத்து முதல் நாள் பாடத்தை நடத்திப் பார்த்தோம். நாற்பது நிமிடம் படம் ஓடியது. பூமிக்கு 454 கோடி வயது என்று திரையில் வந்தபோது எல்லோரும் தலையாட்டினார்கள். முடிந்ததும் டீச்சர் கேட்டார்: "ரொம்ப காலம் முன்னாடின்னா எவ்வளவு முன்னாடி?"

"ராஜேந்திர சோழன் காலத்துக்கும் முன்னாடி டீச்சர்."

"ரெண்டாயிரம் வருஷம்."

கேலி செய்ய இதில் ஒன்றும் இல்லை. கங்கைகொண்டசோழபுரம் இங்கிருந்து எட்டிப் போகிற தூரத்தில்தான் இருக்கிறது. பள்ளிச் சுற்றுலா அங்கேதான் போகும். அந்தக் கோயிலுக்கு ஆயிரம் வயது. பிள்ளைகளிடம் இருக்கிற மிகப் பெரிய அளவுகோல் அதுதான். கோடி என்பது அவர்களுக்கு லாட்டரிச் சொல், கால அளவு இல்லை.

அதே ஒத்திகையில் இன்னொன்றும் நடந்தது. பின்வரிசையில் ஒரு பையன் சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்துத் தரையில் கோடு கிழித்துக்கொண்டிருந்தான். விரல் நீளத்துக்கு, ஒரு முனை கூராக, தேன் நிறத்தில் ஒரு கல். தம்பி அதட்டப் போனார், ஐயா கையைக் காட்டி நிறுத்தினார்.

"எங்கடா கிடைச்சது?"

"எங்க கொல்லையில நிறைய கிடக்குங்கய்யா. சாக்பீஸ் கல்லு."

அது பெலம்னைட். கணவாய்க்கு ஒன்றுவிட்ட உறவு என்று சொல்லத்தக்க ஒரு கடல் விலங்கின் உடம்புக்குள் இருந்த கெட்டிப் பகுதி. ஐயா இதைச் சொன்னதும் ஏழு பேரும் அந்தப் பையனைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். "கணவாய் மீனா? எங்க கொல்லையிலயா?" என்று அவனே மூன்று முறை கேட்டான். புரொஜெக்டர் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. யாரும் அதை நிறுத்தக்கூட நினைக்கவில்லை.

மாற்றிய முடிவுகளும் அவற்றின் காரணமும்

அன்று இரவு உட்கார்ந்து திட்டத்தைத் தலைகீழாகப் புரட்டினோம். பூமி பிறந்ததிலிருந்து இன்றைக்கு வருவதை விட்டுவிட்டு, கையில் இருக்கும் கல்லிலிருந்து பின்னோக்கிப் போவது என்று முடிவு செய்தோம். முதல் நாள் பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவரும் கற்கள். இரண்டாம் நாளே களம். 454 கோடி ஆண்டு முழுவதும் மூன்றாம் நாள் ஒரே காலையில், கயிற்றில். படக்காட்சி கிடையாது. இதனால் ஒரு செல் உயிர்கள், மரபணு என்று நான் ஆசையாகச் சேர்த்திருந்த பல விஷயங்கள் வெளியே போயின. வருத்தம்தான், ஆனால் ஐந்து நாளில் எல்லாம் அடங்காது.

அடுத்தது விளம்பரம். டைனோசர் படம் போட்டால் கூட்டம் வரும் என்றார் தம்பி. ஐயா ஒப்பவில்லை. இங்கே கிடைப்பதில் பெரும்பாலானவை கடல் உயிர்கள். டைனோசர் என்று கூப்பிட்டுவிட்டு நத்தை மாதிரி சுருண்ட கல்லைக் காட்டினால் பிள்ளைகள் ஏமாந்துபோவார்கள் என்றார். டைனோசர் இல்லாமல் நோட்டீஸ் அடித்தோம். முதல் வாரத்தில் பதினான்கு பேர். டீச்சர் நோட்டீசை மாற்றி, ஓர் அம்மோனைட் (சுருண்ட ஓடு கொண்ட, அழிந்துபோன கடல் உயிர்) படத்தைப் பெரிதாகப் போட்டு, மேலே "நம்ம ஊரில் கடல் இருந்ததா?" என்று மட்டும் எழுதினார். நாற்பத்தொரு பேர் பெயர் கொடுத்தார்கள்.

அதிக நேரம் வாக்குவாதம் நடந்தது கல் எடுக்கலாமா கூடாதா என்பதில்தான். "தொட்டுச் செய்து பார்க்கிற முகாம்னு பேர் வச்சுட்டு, எடுக்காதேன்னா எப்படிங்க ஐயா?" என்று தம்பி கேட்டதில் நியாயம் இருந்தது. எங்கள் பக்கம் கடைக்காரர் முதல் வெளியூர் கல்லூரி மாணவர் வரை ஆளாளுக்கு அள்ளிப் போய், சில ஓடைகளில் இப்போது ஒன்றுமே கண்ணில் படுவதில்லை என்பதும் நியாயம்.

ஐயா கல்லமேடு கதையைச் சொன்னார். அரியலூர் அருகே கல்லமேட்டில் மிகப் பெரிய ஒரு விலங்கின் எலும்புகள் கிடைத்தன. 1980களின் கடைசியில் அதற்கு பிருஹத்காயோசாரஸ் என்று பெயர் வைத்தார்கள். உலகிலேயே பெரிய டைனோசர்களில் ஒன்றாக இருக்கலாம் என்று இன்றைக்கும் பேசுகிறார்கள். ஆனால் எலும்பு இல்லை. பொடிந்துபோகும் பதத்தில் இருந்தவை, மழையிலும் ஈரத்திலும் உதிர்ந்து முடிந்துவிட்டன. மிச்சம் இருப்பது கோட்டோவியங்களும் ஒரு சில படங்களும்தான். "கல்லுன்னு நினைச்சு அலட்சியமா இருக்காதீங்க. எடுத்தா ஒண்ணு, எடுக்காம விட்டா ஒண்ணு. ரெண்டிலயும் போகும். எழுதி வச்சது மட்டும்தான் நிக்கும்" என்றார்.

கடைசியில் இப்படி முடிவானது: தொடலாம், தூக்கலாம், புரட்டலாம், வரையலாம், அளக்கலாம், களிமண்ணில் அச்சு எடுக்கலாம். ஆனால் எடுத்த இடத்திலேயே, எடுத்த பக்கமாகவே திரும்ப வைக்க வேண்டும். சாத்தனூர் கல்மரப் பூங்கா இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் பாதுகாப்பில் இருப்பதால் அங்கே இந்தத் தொல்லையே இல்லை. ஆனால் அங்கே வேலிக்கு வெளியே நின்று பார்ப்பதோடு சரி. அதனால் களத்துக்கு காரை–குளக்கால்நத்தம் ஓடைகளைத் தேர்ந்தோம்.

நேரம் காலை ஆறரை முதல் பத்து வரை. மத்தியானம் ஒன்றும் கிடையாது. பெரம்பலூர் மே வெயிலில் இதற்கு விளக்கம் தேவையில்லை.

முதல் நாள்: வீட்டுக் கற்கள்

நாற்பத்தொரு பேர் பதிந்திருந்தார்கள், வந்தது ஐம்பத்து மூன்று. அக்காவும் அண்ணனும் வந்தால் தம்பி தங்கை சும்மா இருப்பார்களா? ஆறு வயதுப் பிள்ளையெல்லாம் கையில் கல்லோடு நின்றது. திருப்பி அனுப்ப மனசு வரவில்லை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவரிடமும் இரண்டு சின்னப் பிள்ளைகளை ஒப்படைத்தோம். திட்டத்தில் இல்லாத இந்த ஏற்பாடு, பின்னால் பார்த்தால், நாங்கள் எடுத்த நல்ல முடிவுகளில் ஒன்று. தாங்கள் புரிந்துகொண்டதைப் பெரியவர்கள் சின்னவர்களுக்குச் சொல்லும்போது எங்கே குழம்புகிறார்கள் என்று எங்கள் காதில் விழுந்தது.

செய்தித்தாள் விரித்து எல்லாக் கல்லையும் பரப்பினோம். பெலம்னைட் துண்டுகள், சிப்பி அச்சுகள், பளபளக்கும் ஜிப்சம், ஒரு உடைந்த அம்மோனைட், வேளாங்கண்ணியில் வாங்கிய புதுச் சோழி, பாத்ரூம் டைல்ஸ் துண்டு ஒன்று, சாலைக்குப் போடும் கருங்கல் ஜல்லி. நீங்களே பிரியுங்கள் என்று விட்டுவிட்டோம். முதலில் நிறத்தால் பிரித்தார்கள். பிறகு ஒரு சிறுமி, "இது உயிரா இருந்தது, இது உயிரா இல்லாதது" என்று இரண்டு குவியல் போட்டாள். அதற்கு மேல் எங்களுக்கு வேலை இல்லை. டைல்ஸ் எந்தக் குவியலில் போகும், சோழி எதில் போகும் என்று அவர்களே கத்திக்கொண்டிருந்தார்கள்.

யாரும் சீந்தாமல் ஓரத்தில் கிடந்த ஜல்லியை ஐயா கடைசியில் கையில் எடுத்தார். பச்சைமலைப் பக்கத்துக் குவாரிக் கல். இருநூறு கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழையது, இந்தக் கூடத்தில் இருப்பதிலேயே இதுதான் பெரிய தாத்தா என்றார். அதைக் கொண்டுவந்த பையன் அன்று முழுக்க அதைக் கீழே வைக்கவில்லை.

ஒரு பெண் துணியில் பொதிந்து, தேங்காயளவு உருண்டைக் கல் ஒன்றைக் கொண்டுவந்திருந்தாள். "டைனோசர் முட்டை. மாமா சொன்னாங்க." கூடம் அமைதியானது. நாங்கள் எதிர்பார்த்த கேள்விதான் இது. 2020 அக்டோபரில் குன்னம் பக்கம் டைனோசர் முட்டை கிடைத்ததாகச் செய்தி பரவி, நிலவியலாளர்கள் வந்து பார்த்த பிறகு, அம்மோனைட்டைச் சுற்றிப் படிந்து உருண்ட கல் என்று தெரிந்தது. ஆனால் எங்களுக்குள் முன்பே பேசி வைத்திருந்தோம்: இல்லை என்று நாங்கள் சொல்லக் கூடாது.

ஐயா அவளிடம் லென்ஸைக் கொடுத்தார். முட்டை என்றால் ஓடு இருக்க வேண்டும், ஓட்டில் நுண்ணிய துளைகள் இருக்கும், குஜராத்தில் கிடைத்த உண்மையான முட்டைகளில் அது இருக்கிறது, உன் கல்லில் தேடிப் பார் என்றார். தன் பெட்டியிலிருந்து பாதியாக உடைந்த இன்னொரு உருண்டையையும் பக்கத்தில் வைத்தார். அதன் நடுவில் சுருள் தெரிந்தது. அவள் இருபது நிமிடம் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நோட்டில் எழுதியது: "ஓடு இல்லை. துளை இல்லை. முட்டை மாதிரி இருக்கு." உடைத்துப் பார்க்கலாமா என்று ஒரு பையன் கேட்டதற்கு, "வேணாம், மாமாகிட்ட காட்டணும்" என்றாள். சரி என்று விட்டுவிட்டோம்.

இரண்டாம் நாள்: காரை ஓடை

ஐந்தரைக்கு வேன். ஆறேகாலுக்குக் காரையில் இருந்தோம். செம்மஞ்சள் களிமண் மேடுகள், மழை அறுத்த ஓடைகள், ஜிப்சம் சில்லுகள் காலை வெயிலில் மின்னுகின்றன. ஒரு புல்லும் இல்லை. முதல் தடவை பார்க்கிறவர்களுக்கு வேற்றுக் கிரகம் மாதிரி இருக்கும். ஆனால் எங்கள் பிள்ளைகள் பாதிப் பேர் ஆடு மேய்க்க இங்கே வந்திருக்கிறார்கள். "இங்கயா கடல்?" என்று ஒரு பையன் கேட்டு, உடனே குனிந்து மண்ணை நக்கிப் பார்த்தான். உப்பு இல்லை என்று அறிவித்தான்.

ஐந்து பேருக்கு ஒரு குழு. குழுவுக்கு ஒரு மீட்டர் நீள அகலத்துக்குக் கயிற்றுச் சதுரம். அதைத் தரையில் போட்டு, உள்ளே இருப்பதை மட்டும் எண்ணி வரைய வேண்டும். ஒரு குழுவுக்கு இருபத்து மூன்று பெலம்னைட் துண்டுகள். இன்னொரு குழுவின் சதுரத்தில் ஒன்றுமே இல்லை. அந்தக் குழுப் பிள்ளைகள் சதுரத்தை நைசாக நகர்த்தப் பார்த்தார்கள். ஐயா பக்கத்தில் போய் உட்கார்ந்து, பூஜ்யத்தையும் எழுதச் சொன்னார். எங்கே இல்லை என்று தெரிந்தால்தான் எங்கே இருக்கிறது என்பதற்கு அர்த்தம் என்று விளக்கினார். அரைமனதோடு எழுதினார்கள். அன்று பிள்ளைகளின் நோட்டில் மிகப் பெரிய எழுத்தில் இருந்தது அந்த "0" தான்.

களிமண் அச்சு சொதப்பியது. குளத்து வண்டலை உருட்டிக்கொண்டு போயிருந்தோம். கல்லில் அழுத்தியபோது அச்சு அழகாக விழுந்தது. ஆனால் காரைக் காற்றில் பத்து நிமிடத்தில் வெடிக்க ஆரம்பித்தது. ஊர் வந்து சேர்வதற்குள் பன்னிரண்டில் ஒன்பது தூள். ஈரத் துணியும் மூடி போட்ட டிபன் பாக்ஸும் கொண்டுபோயிருந்தால் பிழைத்திருக்கும். நால்வரில் ஒருவருக்குக்கூட அது தோன்றவில்லை.

இதைவிடப் பெரிய தவறு அடுத்த நாள் காலைதான் தெரிந்தது. ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி டீச்சரிடம் வந்து மெதுவாகக் கேட்டாள்: "டீச்சர், நாங்கள்லாம் திருப்பி வச்சோம். அண்ணன் மட்டும் பையில போட்டாங்களே?"

தம்பி முகம் வெளுத்துவிட்டது. உள்ளங்கையளவு அம்மோனைட் துண்டு ஒன்றை அவர் எடுத்து வந்தது உண்மை. பிள்ளைகளுக்குக் காட்டலாம் என்றுதான் எடுத்தாராம். மூடி மறைக்க வேண்டாம் என்று எல்லோர் முன்னாலும் அதை மேசையில் வைக்கச் சொன்னோம். எந்த ஓடையில் எடுத்தது, எந்த அடுக்கிலிருந்து விழுந்தது என்று ஐயா கேட்டார். தம்பிக்கு நினைவில்லை. ஐயா ஒரு சீட்டில் "இடம் தெரியாது" என்று எழுதி அதன்மேல் ஒட்டினார். திரும்பக் கொண்டுபோய் வைத்தாலும் எங்கே வைப்பது? அந்தக் கல் நூலக அலமாரியில் இன்றும் அந்தச் சீட்டோடு இருக்கிறது. விதியைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டுப் பெரியவர்களுக்குச் சொல்லாமல் விட்டது எங்கள் குற்றம். அவருடையது மட்டும் இல்லை.

மூன்றாம் நாள்: கயிறு

ஒரு மீட்டருக்குப் பத்து கோடி ஆண்டு. ஒரு சென்டிமீட்டருக்குப் பத்து லட்சம். பூமியின் வயது 45 மீட்டர் 40 சென்டிமீட்டர். பள்ளி மைதானம் அவ்வளவு நீளம் இல்லாததால் கயிற்றை வேப்பமரத்தைச் சுற்றி வளைக்க வேண்டியதாயிற்று.

இன்றைக்கு என்ற முனையிலிருந்து பின்னோக்கி நடந்தோம். நம் இனம் தோன்றி மூன்று லட்சம் ஆண்டு: மூன்று மில்லிமீட்டர். சென்னைக்கு அருகே அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கற்கருவிகள், பதினைந்து லட்சம் ஆண்டு: ஒன்றரை சென்டிமீட்டர். திருவக்கரைக் கல்மரங்கள், இரண்டு கோடி: இருபது சென்டிமீட்டர், ஒரு சாண். டைனோசரும் அம்மோனைட்டும் அழிந்தது 66 சென்டிமீட்டரில். நாங்கள் நேற்று நின்ற காரைக் கடல் ஒரு மீட்டர் பக்கம்.

ராஜேந்திர சோழன் எங்கே என்று ஒரு பையன் கேட்டான். கேட்கத்தானே வேண்டும். ஆயிரம் ஆண்டு என்பது இந்தக் கயிற்றில் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. டீச்சர் தன் தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கிக் கயிற்றின் முனையில் குறுக்கே வைத்தார். "இந்த முடி கனத்துக்குள்ள அந்தக் கோயில், அதுக்கு முன்னாடி இருந்த சோழர், அதுக்கு முன்னாடி சங்க காலம் எல்லாம் அடங்கிடும்." ஒத்திகையில் நாற்பது நிமிடப் படத்தால் ஆகாதது அந்த முடியால் ஆனது.

2.3 மீட்டரில் முதல் டைனோசர்கள். 2.52-இல் மிகப் பெரிய பேரழிவு. 4.7 வாக்கில் நிலத்தில் செடி. 5.4-இல் கடலில் கால்களும் ஓடுகளும் கண்களும் கொண்ட விலங்குகள் பெருகிய காலம். அதற்குப் பிறகு சீட்டுகள் குறைந்துவிட்டன. நடக்க நடக்க ஒன்றுமில்லை. "அக்கா, சீட்டே காணோமே?" என்று சின்னவர்கள் முனகினார்கள். வேப்பமரத்தைச் சுற்றி, 24 மீட்டரில்தான் அடுத்த பெரிய சீட்டு: காற்றில் ஆக்சிஜன் சேரத் தொடங்கியது. மறுபடி நடை. 35 மீட்டரில் தெளிவாகத் தெரிகிற மிகப் பழைய உயிர்த் தடங்கள்.

இந்த வெறும் நடை சலிப்பாக இருக்கும், நடுவில் ஏதாவது விளையாட்டு வைப்போம் என்று நான் சொல்லியிருந்தேன். ஐயா வேண்டாம் என்றார். அவர் சொன்னது சரி. ஏறத்தாழ முப்பது மீட்டர் தூரம் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத உயிர்களே இருந்தன என்பது, பிள்ளைகள் சலித்துக்கொண்டே நடந்ததால்தான் காலில் ஏறியது. ஜல்லிப் பையன் தன் கல்லை 20 மீட்டரைத் தாண்டி வைத்துவிட்டு அங்கேயே தனியாக நின்றான்.

நான்காம் நாள்: பயறும் கோழியும்

இயற்கைத் தேர்வைக் காட்ட ஒரு பழைய விளையாட்டு. செம்மண் தரையில் வெள்ளை மொச்சை, கொள்ளு, பாசிப்பயறு, உளுந்து நான்கிலும் ஐம்பது ஐம்பது இறைத்தோம். ஐந்து பிள்ளைகள் பறவைகள். பதினைந்து நொடியில் கிடைப்பதைக் கொத்த வேண்டும். மிஞ்சியது ஒவ்வொன்றும் ஒரு குட்டி போடும். மூன்று சுற்றில் மொச்சை துடைத்துப் போனது. மண்ணோடு மண்ணாகத் தெரிந்த கொள்ளு பெருகிவிட்டது. எல்லாம் நாங்கள் நினைத்தபடி.

இரண்டாம் குழுவுக்குப் புதிதாக இறைத்துவிட்டு டீச்சர் விசில் அடிப்பதற்குள் பக்கத்து வீட்டுக் கோழிகள் நான்கு உள்ளே வந்துவிட்டன. தம்பி விரட்டப் போனார். பிள்ளைகள் விடவில்லை. "பறவை வந்திருக்குண்ணே, விடுங்க!" கோழிகள் கொள்ளு, பயறு, உளுந்து என்று விழுங்கித் தள்ளின. மொச்சையை ஒரு கொத்துக் கொத்திப் பார்த்துவிட்டு விட்டுவிட்டன. எண்ணிப் பார்த்தால் மொச்சை கிட்டத்தட்ட அப்படியே இருந்தது.

"நமக்கு கண்ணு, கோழிக்கு வாயி" என்றாள் எட்டாம் வகுப்புப் பெண். "கோழி ஊர்ல மொச்சைதான் பிழைக்கும்." எது பிழைக்கும் என்பது பயறை மட்டும் பொறுத்ததில்லை, யார் தின்ன வருகிறார்கள் என்பதையும் பொறுத்தது என்பதைச் சொல்ல நான் ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தேன். அது தேவைப்படவில்லை.

அன்றே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வேலையும் வைத்திருந்தோம். ஐயாவின் கற்களைக் களிமண்ணில் அழுத்தி அச்சு எடுத்து, அதில் பிளாஸ்டர் ஊற்றி வார்ப்பு. இங்கே ஒரு கெட்ட நிமிடம் வந்தது. கைரேகை அச்சு எடுக்கிறேன் என்று ஒரு பையன் கலக்கிய பிளாஸ்டர் வாளிக்குள் மணிக்கட்டு வரை கையை விட்டுவிட்டான். இறுகும்போது பிளாஸ்டர் சூடேறும். கை உள்ளே மாட்டினால் தோல் வெந்துபோகும். தம்பி பார்த்துவிட்டுச் சட்டென்று இழுத்துக் கழுவினார், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இதை முன்கூட்டியே சொல்லாதது எங்கள் தவறு. வாளி பெரியவர் கையில் இருக்க வேண்டும், பிள்ளைகள் கையில் கரண்டிதான்.

வாளிகளைப் பள்ளிக் குழாயில் கழுவினோம். மறுநாள் சாக்கடை அடைத்துக்கொண்டது. கொத்தனார் கூலி நானூறு ரூபாய், கணக்கில் "பிற செலவு".

ஐந்தாம் நாள்: பெற்றோர் முன்னால்

கடைசி நாள் பிள்ளைகளே காட்சி வைத்தார்கள். கயிற்றை அவர்களே கட்டி, பெற்றோரை நடத்திக் கூட்டிப்போனார்கள். எதிர்பார்த்தபடியே ஒரு தாத்தா கேட்டார்: "அப்போ நாமெல்லாம் குரங்கிலிருந்து வந்தோமா?"

இதற்குப் பதிலை டீச்சர் முதல் நாளே பிள்ளைகளோடு பேசி வைத்திருந்தார். பதில் சொன்னது ஒன்பதாம் வகுப்புப் பையன். "இப்ப இருக்கிற குரங்கு நமக்குத் தாத்தா இல்லீங்க. பங்காளி. ரெண்டு பேருக்கும் கொள்ளுத்தாத்தா ஒருத்தர், ரொம்ப பழைய ஆளு. அவரு இப்ப இல்ல." தாத்தா சிரித்துவிட்டு, "பங்காளின்னா சொத்துல பங்கு கேட்பானே" என்றார். ஏற்றுக்கொண்டாரா என்று சொல்ல முடியாது. சண்டை வரவில்லை.

இன்னொரு பாட்டி மஞ்சள் துணியில் சுற்றி ஒரு சின்ன அம்மோனைட்டைக் கொண்டுவந்தார். பல தலைமுறையாகப் பூஜை அறையில் இருந்ததாம். அதை மற்றக் கற்களோடு வரிசையில் வைத்துச் சீட்டு ஒட்டலாமா என்று எங்களுக்குள் ஒரு நொடி தயக்கம். வைக்கவில்லை. பாட்டியே அதை மடியில் வைத்துக்கொண்டு, எப்படி வந்தது என்று பிள்ளைகளிடம் சொன்னார். அவருடைய மாமனார் கிணறு வெட்டும்போது கிடைத்ததாம். எத்தனை அடி ஆழத்தில் என்று ஒரு சிறுமி கேட்டு எழுதிக்கொண்டாள்.

பின்னால் தெரிந்தவை

இரண்டு மாதம் கழித்து டீச்சர் பள்ளியில் இருபத்தாறு பிள்ளைகளிடம் பேசினார். தேர்வு மாதிரி இல்லை, கதை கேட்பது மாதிரி. காலத்தை இப்போது கயிற்றால் சொன்னார்கள். "கடல் இருந்தது ஒரு மீட்டர் முன்னாடி டீச்சர்" என்றார்கள். கோடிக் கணக்கு பலருக்கு மறந்துவிட்டது. கயிறு மறக்கவில்லை.

ஆனால் எங்கள் முகாமே ஒரு தவறான எண்ணத்தை விதைத்திருந்தது. கல்மரம் எப்படி ஆனது என்று கேட்டதற்குப் பலர், மரம் விழுந்த பள்ளத்தில் பிளாஸ்டர் மாதிரி சேறு ஊற்றி இறுகியது என்றார்கள். சாத்தனூர்க் கல்மரம் பதினெட்டு மீட்டருக்கு மேல் நீளம், 1940-இல் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டு சொன்னது. அதை யாரும் பள்ளத்தில் வார்க்கவில்லை. தண்ணீரில் கரைந்திருந்த சிலிக்கா மரத்தின் உள்ளே ஊறி, நார் நாராக அதன் இடத்தைப் பிடித்தது. நாங்கள் வார்ப்பை மட்டும் காட்டிவிட்டு இதைக் காட்டாமல் விட்டோம். பிள்ளைகள் காட்டியதைத்தான் கற்றுக்கொண்டார்கள்.

இன்னும் சிலர், அகலிகை மாதிரி உயிரோடு இருக்கும்போதே கல்லாய்ச் சமைந்துவிட்டன என்று நினைத்திருந்தார்கள். இது முகாமுக்கு முன்பே இருந்த எண்ணமாக இருக்கலாம். நாங்கள் கேட்கவே இல்லை என்பதுதான் உண்மை.

அடுத்த முறைக்கு மாற்றியவை

பிளாஸ்டர் நாளோடு ஸ்பாஞ்ச் நாளும் வேண்டும். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சைச் சின்ன எலும்பு வடிவில் வெட்டி, கெட்டியான உப்புக் கரைசலில் ஊறவைத்துக் காயவைத்தால், துளைகளில் உப்பு படிந்து கெட்டியாகிவிடும். நாங்கள் பின்னால் செய்து பார்த்தோம், மூன்று நாள் வெயிலில் நன்றாக வருகிறது. முதல் நாளே ஊறவைத்தால் நான்காம் நாள் கையில் கிடைக்கும். ஊறவைக்கும்போதே, வார்ப்பு வேறு இது வேறு என்று சொல்லிவிடலாம்.

ஆரம்பத்தில், கல் எப்படிக் கல்லானது என்று பிள்ளைகளையே சொல்லச் சொல்லிக் கேட்டு எழுதி வைக்க வேண்டும். எதை மாற்ற வேண்டும் என்று தெரியாமல்தான் ஐந்து நாளும் பேசியிருக்கிறோம்.

களத்துக்குப் போகும் பெரியவர்களின் பையையும் திரும்பும்போது பார்க்க வேண்டும். இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன். பிளாஸ்டர் மிச்சத்தை வாளியிலேயே இறுக விட்டு உடைத்துக் கொட்ட வேண்டும், குழாய்ப் பக்கம் போகவே கூடாது. தேங்காய் நார்க் கயிறு இழுபட்டு நீண்டுவிடுகிறது, அடையாளம் எல்லாம் இடம் மாறிவிடும்; நைலான் கயிறு நல்லது. கோழிகளை விரட்ட வேண்டாம்.

முகாமுக்குப் பிறகு நூலகத்தில் ஒரு நீளநோட்டு போட்டோம். கல்லைக் கொண்டுவர வேண்டாம், கண்ட இடத்தை எழுது என்பது ஏற்பாடு. ஏற்கெனவே வீட்டில் இருக்கும் கல்லென்றால் அதையும் எழுதலாம். ஆடு மேய்க்கும் பிள்ளைகள்தான் அதிகம் எழுதுகிறார்கள். ஓடையின் பெயர், பக்கத்தில் என்ன மரம், எத்தனை எட்டு தூரம் என்று. போன வாரம் பார்த்தபோது கடைசி வரி அந்த உருண்டைக் கல் பெண்ணின் கையெழுத்தில் இருந்தது: "எண் 58. உருண்டைக் கல். ஓடு இல்லை. மாமா கொடுத்தது. மாமாவுக்கும் இடம் நினைவில்லை."